துளைச்சேற்றின் கதை – 9: கஞ்சி தாங்கிய சூடு

மேற்கு டெக்சாஸின் பெர்மியன் படுகையில் 1930களில் கிணறு தோண்டியவர்களுக்கு எண்ணெய்க்கு முன்னால் உப்புதான் கிடைத்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வற்றிய கடல் விட்டுச்சென்ற உப்புப் பாறை அங்கே தடிமனாகப் படிந்து கிடக்கிறது. துளைப்பான் அதற்குள் இறங்கியதும், துளைக்குள் சுற்றவிடும் சேற்றிலிருந்த தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு உவர்நீராகிவிடும். சேற்றில் கலந்த பென்டோனைட் களிமண் உவர்நீரில் விரியாது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். அதுவரை கிணற்றுச் சுவரில் மெல்லிய படலமாகப் படிந்து, தண்ணீர் பாறைக்குள் போகாமல் தடுத்த சேறு ஒழுகத் தொடங்கும்.

ஒழுகினால் என்ன என்று கேட்கலாம். தண்ணீர் கசியக் கசிய, அது சுமந்து வந்த களிமண் சுவரிலேயே தங்கி அப்பிக்கொண்டே போகும். துளையின் குறுக்களவு சுருங்கும். அந்தத் தடித்த அப்பலில் துளைக்குழாய் பக்கவாட்டில் அழுந்திச் சிக்கிக்கொள்ளும். சிக்கிய குழாயை உருவ முடியாமல் வெட்டிவிட்டுப் பக்கத்தில் புதிதாகத் துளையிட வேண்டிவந்த கிணறுகள் ஏராளம். சேற்றின் தரத்தை அளக்கும்போது முப்பது நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் தண்ணீர் கசிந்தது என்பதை ரிக்கில் இன்றும் தவறாமல் பார்ப்பது இதனால்தான்.

உப்புப் பாறைக்கு மருந்தாகக் கிடைத்தது மாவு. மக்காச்சோளத்திலிருந்து எடுத்த ஸ்டார்ச்சை முன்கூட்டியே வேகவைத்து, உலர்த்தி, பொடித்து, மூட்டை கட்டி ரிக்குக்கு அனுப்பினார்கள். பச்சை மாவின் மணிகள் குளிர்ந்த தண்ணீரில் ஊறுவதில்லை. வெந்து காய்ந்த மாவு தொட்டியில் கொட்டியதும் ஊறிப் பருக்கும். ஸ்டார்ச் சங்கிலியில் மின்னேற்றம் கிடையாது. ஆகவே களிமண்ணைத் திரள வைத்த உப்பால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஊறிய மாவுத் துகள்கள் சுவரிலிருந்த நுண்துளைகளை அடைத்தன, கசிவு நின்றது. 1930களின் இறுதியில் இது வணிகப் பொருளாகவே விற்பனைக்கு வந்துவிட்டது. உவர்நீர்ச் சேற்றின் கசிவைக் கட்டுப்படுத்துவது பற்றி ஜார்ஜ் கிரேயும் அவருடைய கூட்டாளிகளும் 1942இல் எழுதிய கட்டுரைதான் இதற்கு அறிவியல் அடித்தளம் போட்டது. பிற்காலத்தில் துளைச்சேறு பற்றிய பாடநூலை எழுதியவர்களில் ஒருவராகவும் இந்தக் கிரேயைத் துறையினர் அறிவார்கள்.

மாவைக் கிணற்றில் விடும் யோசனை உண்மையில் இன்னும் பழையது. 1887இல் சாப்மன் என்பவர் அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமை விண்ணப்பத்தில், துளையின் சுவரை மெழுகுவதற்குத் தண்ணீரோடு களிமண், தவிடு, தானியம், சிமென்ட் ஆகியவற்றைக் கலக்கலாம் என்று சொல்லியிருந்தார். துளையிடும் பொறியின் கதையை எழுதுபவர்கள் இந்த வரியைக் கடந்து போய்விடுகிறார்கள். எனக்கு அது முக்கியமாகப் படுகிறது. வயலில் விளைந்ததைப் பூமிக்கடியில் இறக்கும் யோசனை எண்ணெய்த் தொழிலில் வெகு காலமாகவே இருந்திருக்கிறது என்பதற்கு அது சான்று.

மாவு வந்ததும் இரண்டு எதிரிகளும் கூடவே வந்தன. முதலாவது நுண்ணுயிர். வடித்த கஞ்சியை ஒரு நாள் அப்படியே வைத்தால் புளித்து நீர்த்துப்போவதை வீட்டில் பார்த்திருப்போம். திறந்த சேற்றுத் தொட்டிகளிலும் அதுதான் நடந்தது. தொட்டி நாறும், நுரைக்கும், சேற்றின் பசை இறங்கும். பாராஃபார்மால்டிஹைடு தூவி அதைத் தடுத்தார்கள். சேற்றில் உப்பு பூரிதமாக இருந்தாலோ, காரத்தன்மை மிக அதிகமாக இருந்தாலோ நுண்ணுயிர் வளராது என்றும் கண்டுகொண்டார்கள். சில ஆண்டுகளில் அந்தத் தொல்லை ஓய்ந்தது.

இரண்டாவது எதிரி வெப்பம். அதற்கு மருந்து தூவ முடியாது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் வெப்பநிலை ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். மேற்பரப்பின் சூட்டையும் சேர்த்தால் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் தண்ணீர் கொதிக்கும் சூட்டை ஒட்டிவிடும். அதற்கும் கீழே அழுத்தத்தால்தான் சேறு கொதிக்காமல் இருக்கிறது. சாதாரண ஸ்டார்ச் 95 முதல் 105 டிகிரி வரை ஓரளவு தாக்குப்பிடிக்கும். 120 டிகிரியில் சில மணி நேரம் கிடந்தால் அதன் வேலை முடிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மெக்சிகோ வளைகுடாக் கரையில் கிணறுகளின் ஆழம் ஆண்டுக்கு ஆண்டு கூடியபோது இந்த 120 டிகிரிதான் மாவுக்கு எல்லையாக நின்றது.

வெப்பம் மாவை எப்படிக் கொல்கிறது என்று தெரியாமல் இந்தக் கதையின் மீதிப் பகுதி புரியாது. ஸ்டார்ச், செல்லுலோஸ், பிசின்கள் எல்லாமே சர்க்கரை வளையங்கள் கோத்த நீண்ட சங்கிலிகள். இரண்டு வளையங்களுக்கு நடுவே ஒரே ஓர் ஆக்சிஜன் அணு பாலமாக நிற்கிறது. சங்கிலி அறுவது அந்தப் பாலத்தில்தான். சேற்றில் கொஞ்சம் அமிலம் இருந்தால் சூடான தண்ணீரே பாலத்தை வெட்டிவிடும். காரம் அதிகமானால் சங்கிலி நுனியிலிருந்து வளையம் வளையமாக உதிரும். மூன்றாவது வழி ஆக்சிஜன். மேலே தொட்டியில் காற்றோடு கலந்து சேற்றில் கரையும் ஆக்சிஜன், சூட்டிலும் இரும்பின் துணையிலும் மிகச் சுறுசுறுப்பான உடைந்த மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அவை சங்கிலியின் நடுவில் பாய்ந்து வெட்டுகின்றன. சங்கிலி அறும்போது அமிலங்கள் பிறக்கும். அந்த அமிலம் அடுத்த வெட்டை விரைவுபடுத்தும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இந்த வேகம் தோராயமாக இரட்டிப்பாகும்.

சேறு ஓடிக்கொண்டிருக்கும்வரை மேலிருந்து வரும் குளிர்ந்த சேறு அடியைக் கொஞ்சம் தணிக்கும். துளைப்பான் தேய்ந்து அதை மாற்றக் குழாய்களை முழுவதும் உருவி மேலே எடுக்கும்போதுதான் ஆபத்து. ஆழ்ந்த கிணற்றில் உருவி எடுக்கவும் திரும்ப இறக்கவும் ஒரு நாளுக்கு மேல்கூட ஆகும். அந்த நேரமெல்லாம் அடிச்சேறு அசையாமல் பாறையின் முழுச் சூட்டையும் வாங்கிக் கிடக்கும். பசை போய்விட்டால் சேற்றில் மிதக்கவிட்ட கனமான பேரைட் தூள் அடியில் படியும், மேல்பகுதியின் எடை குறையும், எடை குறைந்தால் பாறையிலிருக்கும் வாயு கிணற்றுக்குள் நுழையும். மாவின் ஒரு வேதிப் பிணைப்பு அறுவதற்கும் கிணறு வெடித்துச் சீறுவதற்கும் இடையிலுள்ள தூரம் அவ்வளவுதான். சேற்றை உலோகக் குப்பிகளில் அடைத்து, சூடான அடுப்பில் 16 மணி நேரம் உருட்டி, ஆறவைத்து, பிறகு பசையையும் கசிவையும் அளக்கும் சோதனை இந்த அச்சத்திலிருந்து பிறந்தது. ஒரு பொருள் எத்தனை டிகிரி தாங்கும் என்று துறையில் யார் சொன்னாலும், 16 மணி நேரம் உருட்டிய பிறகு என்றுதான் பெரும்பாலும் பொருள்.

மாவுக்கு இணையாக வேறொரு தாவரப் பொருளும் கிணற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. அர்ஜென்டினாவிலும் பராகுவேயிலும் வளரும் கெப்ராச்சோ மரத்தின் சாறு, தோல் பதனிடும் தொட்டிகளுக்காக உலகெங்கும் ஏற்றுமதியானது. 1930 வாக்கில் அதைக் காஸ்டிக் சோடாவுடன் கலந்து சேற்றில் விட்டால், கெட்டித்த சேறு இளகி ஓடுகிறது என்று கண்டார்கள். சேறு சிவந்துவிடும் என்பதால் சிவப்புச் சேறு என்றே பெயர் வந்தது. இதன் எல்லையும் 120 டிகிரியை ஒட்டித்தான். பிறகு சுண்ணாம்பு கலந்த சேறு 1940களில் பரவியது. குளிர்ந்த கிணறுகளில் அது அருமையாக வேலை செய்தது. ஆழத்தில் வெப்பம் 130 டிகிரியைத் தாண்டும்போது சுண்ணாம்பும் களிமண்ணும் வினைபுரிந்து சிமென்ட்போல இறுகத் தொடங்கியதைக் கண்டதும் பொறியாளர்கள் வேறு வழி தேடினார்கள்.

அந்த வழி காகித ஆலையின் கழிவிலிருந்து கிடைத்தது. மரத்தைக் கூழாக்கும்போது லிக்னின் சல்ஃபோனேட்டாக மாறித் தண்ணீரில் கரைந்து வெளியேறும். அந்தக் கரைசலை ஆறுகளில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். 1950களின் நடுவில் அதனுடன் இரும்பையும் குரோமியத்தையும் சேர்த்துத் தயாரித்த ஃபெரோகுரோம் லிக்னோசல்ஃபோனேட் சந்தைக்கு வந்தது. ஏறத்தாழ 170 டிகிரி வரை சேற்றை இளக்கமாக வைத்திருந்தது. உப்பு வந்தாலும் சுண்ணாம்பு வந்தாலும் அசரவில்லை. அடுத்த முப்பது ஆண்டுகள் உலகின் ஆழ்கிணறுகளில் பெரும்பான்மை இந்தச் சேற்றில்தான் தோண்டப்பட்டன. பழுப்பு நிலக்கரியைக் காரத்தில் கரைத்து எடுத்த பொருளும் இதோடு கூட்டுச் சேர்ந்து வெப்பத்தில் கசிவைக் கட்டுப்படுத்தியது. இந்த வெற்றிக்குக் கொடுத்த விலை குரோமியம். கடலிலும் நிலத்திலும் அதைக் கொட்டக் கூடாது என்று சட்டங்கள் வந்த பிறகு குரோமியம் இல்லாத வகைகளுக்கு மாற வேண்டியதாயிற்று. அவை அதே அளவு சூட்டைத் தாங்கவில்லை.

லிக்னின் சேற்றை இளக்கும், கெட்டியாக்காது. கெட்டியாக்கும் வேலைக்கு நீண்ட சங்கிலிதான் வேண்டும். அந்தப் பக்கத்தில் முதல் முன்னேற்றம் செல்லுலோஸிலிருந்து வந்தது. ஜெர்மனியில் முதல் உலகப் போரின் இறுதியில் உருவான கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், சுருக்கமாக சி.எம்.சி., 1940களின் நடுவில் எண்ணெய்க் கிணறுகளுக்குள் இறங்கியது. பருத்தியிலும் மரத்திலும் இருக்கும் செல்லுலோஸ் தண்ணீரில் கரையாது. அதன் ஒவ்வொரு வளையத்திலும் அமிலக் குழுக்களை ஒட்டவைத்தால் கரையும். இந்தக் குழுக்கள் இன்னொரு நன்மையும் செய்தன. நுண்ணுயிரின் நொதி சங்கிலியில் வந்து உட்கார இடமில்லாமல் அவை மறைத்துக்கொண்டன. மாவைவிட சி.எம்.சி. 20, 30 டிகிரி கூடுதலாகத் தாங்கியது. பிறகு வந்த பி.ஏ.சி. என்பதும் செல்லுலோஸ்தான். ஒவ்வொரு வளையத்திலும் ஒட்டும் குழுக்களைக் கூட்டியும், சங்கிலி நெடுக அவை சீராகப் பரவும்படி செய்தும், உப்பை அகற்றிச் சுத்தப்படுத்தியும் அதை உண்டாக்கினார்கள். நல்ல பி.ஏ.சி. 150 டிகிரியை எட்டும்.

இதோடு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலுள்ள பியோரியா நகரத்துக்கு வருகிறோம். இந்தத் தொடரில் நான் மிகவும் விரும்பி எழுதக் காத்திருந்த இடம் இது.

1930களில் அமெரிக்க விவசாயிகள் விளைச்சல் மிகுந்து விலை கிடைக்காமல் தவித்தார்கள். உபரி விளைபொருளுக்குப் புதுப் பயன் கண்டுபிடிக்க நான்கு வட்டார ஆய்வுக்கூடங்கள் அமைக்க 1938இல் சட்டம் வந்தது. மக்காச்சோள நாட்டின் நடுவிலிருந்த பியோரியாவுக்கு ஒன்று கிடைத்தது. போர்க்காலத்தில் பெனிசிலினைப் பெருமளவில் தயாரிக்க வழி கண்ட கூடம் இதுதான். அதற்கு ஊட்டமாக அமைந்ததும் மக்காச்சோளத்தை ஊறவைத்து மிஞ்சிய நீர்தான். உலகெங்குமிருந்து வந்த பூஞ்சைகளையும் பாக்டீரியாக்களையும் இங்கே சேமித்து, எண் கொடுத்து வைத்திருந்தார்கள்.

அந்தக் கூடத்தில் 1941இல் சேர்ந்தவர் ஆலின் ஜீன்ஸ். 1906இல் டெக்சாஸில் பிறந்தவர், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற வேதியியலாளர். சர்க்கரையைத் தின்று பசையை வெளியிடும் பாக்டீரியாக்கள்தான் அவருடைய ஆய்வுப்பொருள். அவர் முதலில் செய்த பெரிய வேலை டெக்ஸ்ட்ரான். கொரியப் போரில் இரத்தம் இழந்த வீரர்களுக்கு இரத்த நீர்மத்துக்கு மாற்றாக அது ஏற்றப்பட்டது. அதற்குப் பிறகு அவரும் குழுவினரும் சேமிப்பிலிருந்த பாக்டீரியாக்களை ஒவ்வொன்றாக வளர்த்து, தொழிலுக்கு உதவும் பசை எதுவும் கிடைக்குமா என்று தேடினார்கள். முட்டைக்கோசு இனச் செடிகளில் கறுப்பழுகல் நோயை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் என்ற பாக்டீரியாவில் அது கிடைத்தது. பி-1459 என்ற எண்ணோடு அதன் பசையைப் பற்றிய கட்டுரை 1961இல் வெளியானது. கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுத்துவந்த கெல்கோ நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் அதைத் தயாரித்து விற்கத் தொடங்கியது. இன்று ஐஸ்கிரீமிலும் சாஸிலும் பற்பசையிலும் இருக்கும் சாந்தன் பிசின் அதுதான். 1960களின் நடுவிலேயே எக்ஸ்.சி. பாலிமர் என்ற பெயரில் கிணறுகளுக்கும் வந்துவிட்டது.

துளையிடுபவர்கள் இதைக் கொண்டாடியதற்குக் காரணம் உண்டு. துளைப்பானின் குறுகிய முனைகள் வழியே பாயும்போது இது தண்ணீராக இளகும். ஓட்டம் நின்றதும் கெட்டியாகி, வெட்டிய பாறைத் தூளை அப்படியே தாங்கிப் பிடிக்கும். களிமண்ணால் ஓரளவுதான் முடிந்த இந்த வேலையை ஒரு கன மீட்டருக்குச் சில கிலோ பிசின் செய்துவிட்டது. ஆனால் இதற்கும் எல்லை 120 டிகிரியாகவே இருந்தது.

ஏன் அந்த எல்லை என்று தேடியபோதுதான் இந்தக் கதை திசை திரும்பியது. சாந்தன் சங்கிலியின் முதுகெலும்பு செல்லுலோஸ்தான். அதிலிருந்து பக்கவாட்டில் மூன்று சர்க்கரை வளையங்கள் கொண்ட கிளைகள் தொங்குகின்றன. குளிர்ந்த நிலையில் இந்தக் கிளைகள் முதுகெலும்பைச் சுற்றி இறுக்கமாகப் படிந்து ஒரு முறுக்கு வடிவத்தைத் தருகின்றன. முறுக்கிய நிலையில் பாலங்கள் உள்ளே மறைந்திருப்பதால் அமிலமும் ஆக்சிஜனும் அவற்றை எளிதில் எட்ட முடியாது. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் முறுக்கு அவிழ்ந்துவிடும். அவிழ்ந்த சங்கிலி, முறுக்கிய சங்கிலியைவிடப் பல மடங்கு வேகத்தில் அறுந்து தீர்கிறது. ஆகவே சாந்தன் எத்தனை டிகிரி தாங்கும் என்ற கேள்விக்கு விடை, முறுக்கு எத்தனை டிகிரியில் அவிழும் என்பதில் இருக்கிறது.

அது நிலையான ஓர் எண் அல்ல என்பதுதான் பெரிய கண்டுபிடிப்பு. கிளைகளில் எதிர்மின்னேற்றம் இருக்கிறது. அவை ஒன்றையொன்று தள்ளுகின்றன. உப்பே இல்லாத தண்ணீரில் இந்தத் தள்ளல் முழு வலுவோடு இருப்பதால் முறுக்கு 50 டிகிரியை ஒட்டியே அவிழ்ந்துவிடும். உப்பைக் கரைத்தால் தள்ளல் அடங்கும், முறுக்கு 100 டிகிரிக்கு மேலும் நிலைக்கும். களிமண்ணைக் கெடுத்த அதே உப்பு இங்கே பிசினுக்குக் காவலாக நின்றது. எந்த உப்பு என்பதும் முக்கியம். கனமான உவர்நீருக்காகப் பயன்படுத்திய கால்சியம் புரோமைடு முறுக்கை விரைவில் அவிழ்த்துவிட்டது.

இதற்கிடையில் ஆக்சிஜனின் பங்கை வேறொரு பக்கத்திலிருந்து ஆராய்ந்தார்கள். நிலத்தடியில் எஞ்சிய எண்ணெயைத் தள்ளி எடுக்கச் சாந்தன் கரைசலைப் பாறைக்குள் செலுத்தும் முறை 1970களில் பேசப்பட்டது. பாறைக்குள் அந்தக் கரைசல் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டும். ஷெல் நிறுவனத்தின் வெலிங்டன் 1983இல் வெளியிட்ட ஆய்வு, ஆக்சிஜனைப் பிடித்துத் தின்னும் சல்ஃபைட், தானே முதலில் எரிந்து சங்கிலியைக் காக்கும் ஓர் ஆல்கஹால், உடைந்த மூலக்கூறுகளின் வேகத்தைத் தணிக்கும் தயோயூரியா ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்தால் சாந்தன் நீண்ட காலம் நிலைக்கும் என்று காட்டியது. துளைச்சேற்றுக்காரர்கள் இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டு தங்கள் வழியில் எளிமையாக்கினார்கள். அமிலம் பிறந்ததும் அதை நடுநிலையாக்க மக்னீசியம் ஆக்சைடைத் தூவினார்கள். ட்ரைஎத்தனோலமீன் போன்ற அமீன்களைச் சேர்த்தார்கள். இவற்றால் மாவும் சாந்தனும் 135 டிகிரி, கவனமாகச் செய்தால் 150 டிகிரி வரை ஏறின.

கொத்தவரைக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் குவார் பிசின் 1950களிலேயே துளைச்சேற்றுக்கு வந்தது. மாவைவிடவும் சூட்டுக்கு அஞ்சுவது என்பதால் ஆழம் குறைந்த கிணறுகளோடு நின்றது. அதன் பெரும் வாழ்வு பாறையைப் பிளக்கும் திரவத்தில்தான். அங்கே சில மணி நேரம் தாங்கினால் போதும். சிர்கோனியம் போன்ற உலோகங்களால் சங்கிலிகளைப் பிணைத்து, ஆக்சிஜனை விழுங்கச் சோடியம் தயோசல்ஃபேட் சேர்த்தால் 150 டிகிரி பாறையிலும் அந்தச் சில மணி நேரம் கிடைத்துவிடுகிறது. அமெரிக்காவில் ஷேல் வாயு பெருகியபோது 2012இல் ராஜஸ்தான் சந்தையில் கொத்தவரை விதையின் விலை எகிறியதற்குக் காரணம் இதுதான்.

கதையின் உச்சம் 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் ஷெல் ஆய்வகங்களில் நடந்தது. பிசினை மாற்றாமல் பிசின் கிடக்கும் தண்ணீரை மாற்றிப் பார்ப்போம் என்று சோடியம், பொட்டாசியம், சீசியம் ஆகியவற்றின் ஃபார்மேட் உப்புகளை எடுத்தார்கள். ஃபார்மிக் அமிலத்தின் உப்புகள் இவை. தண்ணீரில் மிக அதிக அளவில் கரையும். பொட்டாசியம் ஃபார்மேட் கரைசல் தண்ணீரைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் கனமாகும், சீசியம் ஃபார்மேட் கரைசல் இரண்டு மடங்கையும் தாண்டும். ஆகவே அடியில் படியும் பேரைட் தூளைக் குறைக்கலாம், சில கிணறுகளில் முற்றிலும் விடலாம். பிசின் பக்கம் கிடைத்த லாபம் அதைவிடப் பெரிது. ஃபார்மேட் ஆக்சிஜனையும் அதனால் பிறக்கும் உடைந்த மூலக்கூறுகளையும் தானே விழுங்குகிறது. கரைசல் இயல்பாகவே காரத்தன்மையில் நிற்பதால் அமில வெட்டு குறைகிறது. அடர்ந்த உப்புக் கரைசலில் தனித்து வினைபுரியும் தண்ணீரே குறைவு. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, சாந்தனின் முறுக்கு அவிழும் வெப்பநிலையை மற்ற உப்புகளைவிட மிக உயரத்துக்கு ஃபார்மேட் தள்ளிவிடுகிறது. மாவும் சாந்தனும் பி.ஏ.சி.யும் இந்த உவர்நீரில் 150 டிகிரியையும் அதற்கு மேலும் கண்டன.

1990களின் நடுவில் வட ஜெர்மனியின் ஆழ்ந்த வாயுக் கிணறுகளில் சோடியம், பொட்டாசியம் ஃபார்மேட் சேறு பயன்பட்டது. 1999இல் வடகடலின் ஷியர்வாட்டர் வயலில் சீசியம் ஃபார்மேட் முதன்முதலாகக் கிணற்றுக்குள் இறங்கியது. அந்தச் சீசியம் கனடாவின் மானிடோபா மாநிலத்தில் பெர்னிக் ஏரியை ஒட்டிய டாங்கோ சுரங்கத்தின் பொல்லுசைட் கனிமத்திலிருந்து வந்தது. மிக விலை உயர்ந்தது என்பதால் விற்காமல் வாடகைக்கே கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் கரைசலை வடித்துத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இந்தப் பகுதிக்காகப் படித்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது இந்த ஏற்பாடு. ஒரு மூட்டை மாவுக்கும் ஒரு சட்டி பிசினுக்கும் சூட்டிலிருந்து பாதுகாப்பு கொடுக்க, இவ்வளவு விலை உயர்ந்த ஓர் உலோகத்தைக் கரைத்துத் தண்ணீராக ஓட விட்டிருக்கிறார்கள்.

சங்கிலியையே திருத்தும் வேலையும் ஒருபுறம் நடந்தது. ஸ்டார்ச் சங்கிலிகளுக்கு இடையே எபிகுளோரோஹைட்ரின், பாஸ்பரஸ் ஆக்சிகுளோரைடு போன்றவற்றால் குறுக்குப் பாலங்கள் போட்டார்கள். ஒரு சங்கிலி அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். ஹைட்ராக்சிபுரோப்பில், கார்பாக்சிமெத்தில் குழுக்களை ஒட்டினார்கள். ஸ்டார்ச்சின் முதுகெலும்பில் அக்ரிலமைடு போன்ற செயற்கைச் சங்கிலிகளைக் கிளையாக ஒட்டும் முறையும் வந்தது. இந்த ஒட்டுமுறையில் முன்னோடியாக நின்றதும் பியோரியா கூடம்தான். தன் எடையைப்போலப் பல நூறு மடங்கு தண்ணீரை உறிஞ்சும் மாவை 1970களில் அங்கே உருவாக்கினார்கள். அது கிணற்றுக்காகச் செய்ததல்ல. வழிமுறை மட்டும் கிணறு வரை வந்து சேர்ந்தது. ஒட்டு மாவுகள் பற்றி இன்றும் சீனாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. சூட்டைத் தாங்குவது பெரும்பாலும் ஒட்டிய செயற்கைக் கிளைதான் என்பதை அவற்றைப் படிக்கும்போது மறக்கக் கூடாது.

இயற்கைப் பிசின் தொட முடியாத கிணறுகளும் வந்துவிட்டன. ஒக்லஹோமாவில் 1974இல் 9,583 மீட்டரை எட்டிய பெர்தா ரோஜர்ஸ் கிணற்றின் அடியில் வெப்பம் 240 டிகிரியைத் தாண்டியது. அங்கே உருகிய கந்தகத்தில் மோதி அது நின்றது. சோவியத் கோலா கிணறு 12,262 மீட்டரில் 180 டிகிரியைச் சந்தித்தது. 100 டிகிரி இருக்கும் என்று எதிர்பார்த்துத் தொடங்கிய கிணறு அது. பவேரியாவின் கே.டி.பி. ஆய்வுக் கிணறு 1994இல் 9,101 மீட்டரில் 260 டிகிரியைத் தாண்டியது. சீனாவின் சிச்சுவானில் 1970களில் தோண்டிய ஆறாயிரம், ஏழாயிரம் மீட்டர் கிணறுகளுக்கு அங்குள்ள வேதியியலாளர்கள் சல்ஃபோனேட் சேர்த்த பழுப்பு நிலக்கரியையும் ஃபீனால் ரெசினையும் கூட்டிச் சேறு செய்தார்கள். நம் பக்கத்துக் கிருஷ்ணா–கோதாவரிப் படுகையின் சில ஆழ்கிணறுகளும் 200 டிகிரியைத் தொடுகின்றன. இத்தகைய சூட்டுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை வளையம் இல்லாத, கார்பன் முதுகெலும்பு கொண்ட செயற்கைச் சங்கிலிகள்தான் பெரிதும் கைகொடுத்தன. சல்ஃபோனேட் குழு கொண்ட ஏ.எம்.பி.எஸ். வகைகள் 1980களிலிருந்து அந்த இடத்தைப் பிடித்தன.

அப்படியானால் இயற்கைப் பிசினுக்காக இத்தனை ஆண்டுகள் ஏன் உழைத்தார்கள்? இரண்டு காரணங்கள் எனக்கு நியாயமாகப் படுகின்றன. எண்ணெய் இருக்கும் பாறையைத் தொட்டதும் சுவரில் படிந்த படலத்தை அகற்றியாக வேண்டும், இல்லையென்றால் எண்ணெய் வரும் வழியே அடைபட்டுவிடும். மாவும் சாந்தனும் சுண்ணாம்புத் தூளும் கலந்த படலத்தை அமிலமோ நொதியோ விட்டுக் கரைத்துவிடலாம். வெப்பத்தில் எளிதில் அறும் பாலம்தான் இங்கே விருப்பப்படி அறுத்துக்கொள்ளும் வசதியாகிறது. செயற்கைச் சங்கிலி அப்படிக் கரையாது. இரண்டாவது காரணம் கடல். வடகிழக்கு அட்லாண்டிக் நாடுகளின் ஆஸ்பார் ஒப்பந்தம், கடலில் விட்டால் தீங்கு இல்லை அல்லது மிகக் குறைவு என்று ஏற்ற பொருட்களின் பட்டியலில் ஸ்டார்ச், சாந்தன், குவார், சி.எம்.சி. ஆகியவற்றை வைத்திருக்கிறது. 200 டிகிரி தாங்கும் சங்கிலி கடலடியிலும் ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கும். சூட்டைத் தாங்குவதும் எளிதில் மட்குவதும் ஒரே பொருளில் சேர்வது கடினம்.

என் கணிப்பு இதுதான்: மாவுக்கும் பிசினுக்கும் 150 டிகிரிதான் நம்பத்தக்க எல்லை, ஃபார்மேட் உவர்நீரின் துணையிருந்தால் அதற்குச் சற்று மேல். உலகில் தோண்டப்படும் கிணறுகளில் மிகப் பெரும்பாலானவை அந்த எல்லைக்கு உள்ளேயே முடிந்துவிடுகின்றன. சூட்டை மட்டும் காரணமாகக் காட்டி அங்கெல்லாம் செயற்கைச் சங்கிலியை இறக்கத் தேவையில்லை.

தண்ணீரையே விட்டுவிட்டு டீசலில் சேறு கலக்கியவர்களின் கதையை அடுத்த பகுதியில் பார்ப்போம்.